பின்தங்கும் பிள்ளைக்காக ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து செய்ய வேண்டியவை: பாலக்காட்டு எல்லைப் பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, முதலமடை போன்ற பஞ்சாயத்துகளின் தமிழ்வழி வகுப்புகளில், படிப்பில் பின்தங்கும் பிள்ளையின் பெற்றோர் ஆசிரியரோடு முதன்முதலாக அமர்ந்து பேசுவது பெரும்பாலும் ஓணத் தேர்வு (முதல் பருவத் தேர்வு) முடிந்து விடைத்தாள் காட்டும் வகுப்புப் பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் கழக) கூட்டத்தில்தான். ஜூனில் பள்ளி திறந்து, கற்பிக்கும் காலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதற்குள் கழிந்திருக்கும். "வீட்டில் படிக்க வையுங்கள்" என்று ஆசிரியர் சொல்வார். "நாங்க படிக்காதவங்க, நீங்கதானுங்க டீச்சர் பாத்துக்கணும்" என்று தாய் சொல்வார். இருவரும் மனத்தாங்கலோடு கலைவார்கள். பிள்ளையின் நிலையில் மாற்றம் எதுவும் வராது.

இந்த வழிகாட்டி ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது. பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது என்பதை இரு தரப்பும் சேர்ந்து கண்ணால் பார்ப்பது, பள்ளிக்கு ஒரு வேலை வீட்டுக்கு ஒரு வேலை என்று பிரித்துக்கொள்வது, குறித்த நாளில் மறுபடி அமர்ந்து என்ன மாறியது என்று பார்ப்பது ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும். இவற்றில் முதலாவதைத்தான் நாம் பெரும்பாலும் செய்யாமல் விடுகிறோம். அதை விட்டால் மற்ற இரண்டும் வெறும் சடங்காகிவிடும்.

எங்கே தடுக்கிறது என்று பார்ப்பது

"கணக்கு வரவில்லை", "வாசிக்கத் தெரியவில்லை" என்ற பொதுப்படையான பேச்சை வைத்துக்கொண்டு எந்தத் தாயும் எந்த ஆசிரியரும் ஒரு வேலையும் செய்ய முடியாது. எனவே ஜூன் மாதம் முடிவதற்குள் ஒவ்வொரு குழந்தையையும் தனியாக அமர்த்தி வாசிக்கச் செய்து பார்க்க வேண்டும். 2005 முதல் நாட்டின் ஊரகப் பகுதிகளில் குழந்தைகளின் கற்றல் நிலையை அளந்துவரும் அசர் ஆய்வில் பயன்படும் வாசிப்புத் தாள் தமிழிலும் கிடைக்கிறது. அதில் தனி எழுத்துகள், எளிய சொற்கள், ஒன்றாம் வகுப்பு அளவிலான சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு கதை என்று நான்கு படிகள் உண்டு. கணக்குக்கும் அதேபோல ஓரிலக்க எண்களை அறிதல், ஈரிலக்க எண்களை அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல் என்ற படிகள் இருக்கின்றன. குழந்தை எந்தப் படிவரை தடையின்றி ஏறுகிறது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அந்தத் தாள் கைவசம் இல்லையென்றால் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளின் பழைய பாடநூல்களே போதும்.

படியைக் குறித்ததோடு நிறுத்திவிடாமல், தடுக்கும் இடத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். தமிழ் வாசிப்பில் பல குழந்தைகள் கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் வரும் 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளில் நிற்கிறார்கள். வேறு சிலர் 'பட்டம்', 'தண்ணீர்' என்று ஒற்று இரட்டிக்கும் சொற்களில் ஒற்றை விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் ஒவ்வோர் எழுத்தையும் சரியாகச் சொன்ன பின்னும் அவற்றைச் சேர்த்துச் சொல்லாக்க முடியாமல் திணறுகிறார்கள். மூன்றுக்கும் மருந்து வேறு. "நான்காம் வகுப்பு வந்தும் வாசிப்பு வரவில்லை" என்று சொல்வதற்குப் பதிலாக "சிறு சொற்களை நன்றாக வாசிக்கிறாள், ஒற்று வரும் இடத்தில் மட்டும் நிற்கிறாள்" என்று சொன்னால், அதைக் கேட்கும் தாய்க்கும் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது.

தாயோ தந்தையோ அருகில் இருக்கும்போதே இதைச் செய்ய முடிந்தால் மிக நல்லது. ஆனால் அவர்கள் சற்றுத் தள்ளி அமர்ந்து, இடையில் ஒரு சொல்லும் சொல்லாமல் இருக்க ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தை கூச்சப்பட்டால் தனியாகவே செய்துவிட்டுப் பிறகு காட்டலாம். கல்வி உரிமைச் சட்டம், 2009, தன் 24ஆம் பிரிவில், ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் அறிந்து தேவையான கூடுதல் பயிற்சி அளிப்பதையும், வருகை, கற்றல் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரைச் சந்தித்துத் தெரிவிப்பதையும் ஆசிரியரின் கடமைகளாகவே வைத்திருக்கிறது. ஆகவே பெற்றோர் தயக்கமில்லாமல் பள்ளிக்குச் சென்று "எம்புள்ள இப்ப எந்த அளவுல வாசிக்கறான், கொஞ்சம் காட்டுங்க டீச்சர்" என்று கேட்கலாம்.

கண்ணையும் காதையும் இந்த நேரத்திலேயே பார்த்துவிட வேண்டும். கரும்பலகையிலிருந்து எழுதும்போது மட்டும் பிழை செய்யும் குழந்தைக்குப் பார்வைக் குறை இருக்கலாம்; முகம் பார்த்துப் பேசினால் பதில் சொல்லி, பின்னாலிருந்து அழைத்தால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்பதில் குறை இருக்கலாம். தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் பள்ளிக்கு வரும் மருத்துவப் பரிசோதனைக் குழுவிடம் சந்தேகமுள்ள பெயர்களை ஆசிரியர் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். சிறு வயதில் காதில் சீழ் வடிந்தது, பேச்சு தாமதமாக வந்தது, வலிப்பு வந்தது போன்றவற்றைப் பெற்றோர் மறைக்காமல் சொல்ல வேண்டும். இவற்றைச் சொன்னால் பிள்ளையைத் தள்ளி வைத்துவிடுவார்கள் என்ற அச்சம் பல தாய்மார்களுக்கு உண்டு. கேட்டது தன்னோடு நிற்கும் என்பதை ஆசிரியர் நடத்தையால் காட்டினால்தான் அந்த அச்சம் போகும்.

மொழிச் சிக்கலா, கற்றல் குறைபாடா

எல்லைப் பகுதியில் மிகுந்த கவனம் வேண்டியது இங்குதான். நம் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது. கேரள அரசு அச்சிடும் பாடநூலைத் தமிழில் படிக்கிறது. அதோடு மலையாளமும் ஆங்கிலமும் கற்கிறது. ஐந்தாம் வகுப்பில் இந்தியும் சேரும்போது நான்கு வரிவடிவங்கள் அதன் கையில் இருக்கின்றன. தமிழில் 'க' என்ற ஓர் எழுத்தே இடத்துக்கு ஏற்ப ஒலி மாறி நிற்கிறது. மலையாளத்தில் அதே இடத்தில் நான்கு வர்க்க எழுத்துகள் தனித்தனியாக உண்டு. ஆகவே மலையாளச் சொல்லெழுத்தில் வல்லொலியையும் மெல்லொலியையும் மாற்றி எழுதும் தமிழ்க் குழந்தைக்கு மூளையில் குறை எதுவும் இல்லை. அது தன் தாய்மொழியின் காதால் கேட்டு எழுதுகிறது, அவ்வளவே. இந்தப் பிழைகளைக் கண்டு "இவனுக்கு எதுவும் ஏறாது" என்று முடிவு கட்டுவது பெரும் அநீதி.

எனவே எந்தக் குழந்தையைப் பற்றியும் முடிவுக்கு வருமுன் தாய்மொழியில் சோதித்துப் பார்க்க வேண்டும். பிழைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் தெரிந்து, தமிழில் வயதுக்கேற்ற கதையைக் குழந்தை வாசித்துவிட்டால், அதற்கு வேண்டியது மொழிப் பழக்கம். மலையாளம் பேசும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடுவதும் ஆசிரியர் மெதுவாகப் பேசுவதும் அதற்குப் பெரிதும் உதவும். கணக்கிலும் இதே வழியைப் பின்பற்றலாம்: வாக்கியக் கணக்கை ஆசிரியரே தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டியதும் குழந்தை விடை சொல்லிவிட்டால், குறை கணக்கில் இல்லை, வாசிப்பில் இருக்கிறது. நாள்தோறும் கற்பித்தும் தமிழிலேயே ஒரே மாதிரியான எழுத்துகளைக் குழப்பிக்கொண்டு, நேற்று வாசித்த சொல்லை இன்று புதிதாகக் காண்பதுபோல் நின்று, ஆனால் கதையைக் காதால் கேட்டால் தெளிவாகத் திருப்பிச் சொல்லும் குழந்தைக்கு மட்டுமே குறிப்பான கற்றல் குறைபாடு இருக்கலாம் என்று ஐயப்பட இடமுண்டு. அதற்கான வழியைப் பின்னர் சொல்கிறேன்.

பெற்றோர் வரக்கூடிய இடத்தில் சந்திப்பது

கூட்டத்துக்கு வராத பெற்றோரை அக்கறை இல்லாதவர்கள் என்று எண்ணுவது எளிது. இங்குள்ள வீடுகளில் பலர் நாள்கூலிக்குச் செல்பவர்கள். விடியற்காலையில் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ பேருந்து ஏறுபவர்களும் இருக்கிறார்கள். பிற்பகல் இரண்டு மணிக் கூட்டம் அவர்களுக்கு ஒரு நாள் கூலியை இழப்பதாகும். முதலமடைப் பக்கம் ஜனவரியில் மாங்காய் பறிப்புத் தொடங்கிவிட்டால் நிலைமை இன்னும் கடினம். தேயிலைக் கொழுந்து பறிக்கும் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு மலைத்தோட்டங்களிலும் இதே கதைதான். அங்கே ஆடி மழைக்கு விடப்படும் விடுமுறைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆகவே சந்திப்பின் இடத்தையும் நேரத்தையும் மாற்றிப் பார்க்க வேண்டும். பால் சொசைட்டிக்குக் காலையிலும் மாலையிலும் வரும் தாய்மார்களை அங்கேயே பத்து நிமிடம் பார்க்கலாம். கேரள அரசின் பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டம் (அக்கம்பக்கத்துப் பெண்கள் குழு) வாரந்தோறும் கூடும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கூட்டம் முடிந்த பிறகு தேவைப்படும் தாயை மட்டும் தனியாகச் சந்திக்கலாம். எந்த இடமானாலும் மற்றவர் காதில் விழும்படி ஒரு பிள்ளையின் குறையைப் பேசக்கூடாது. மாலை ஐந்தரை மணிக்குப் பிறகு வீட்டுக்கே செல்வது எல்லாவற்றிலும் சிறந்தது. பிள்ளை எங்கே அமர்ந்து படிக்கிறது, வெளிச்சம் எப்படி, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் கேட்காமலே தெரிந்துவிடும். அப்பா அம்மா வேலைக்குச் சென்றிருக்க, அப்புச்சியோ பாட்டியோ வளர்க்கும் பிள்ளையானால் பேச வேண்டியது அவர்களிடம்தான்.

பேச்சைத் தொடங்கும் விதமே பாதி வேலையை முடித்துவிடும். முதல் சந்திப்பில் குறையைச் சொல்லாமல், பிள்ளை செய்த உண்மையான நல்ல காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பொதுவாக "நல்ல பையன்" என்பதைவிட, "நேத்து சத்துணவு பரிமாறும்போது சின்னப் பசங்களுக்குத் தட்டு எடுத்துக் கொடுத்தாங்கம்மா" என்று நடந்ததைச் சொன்னால் தாயின் முகம் மாறும். அதன் பின் "வீட்ல எதைச் செய்யறப்ப ரொம்ப நேரம் ஒரே எடத்துல இருப்பான்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிள்ளையைப் பற்றி ஆசிரியருக்குத் தெரியாத பலவற்றைப் பெற்றோர் அறிவார்கள். அவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளும் ஆசிரியரிடம்தான் அவர்கள் மறுபடி வருவார்கள்.

"கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க சார்" என்று இன்னும் சில தந்தையர் சொல்வதுண்டு. பிள்ளை படிக்க வேண்டும் என்ற தவிப்பே அந்தப் பேச்சில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டு, அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது என்பதை அமைதியாக விளக்க வேண்டும். பள்ளியில் பெயர் சொல்லி அழைத்துக் கண்டித்ததற்காக வீட்டில் மறுபடி அடி விழும் என்று தெரிந்தால், அடுத்த முறை பிள்ளை நோட்டை மறைக்கத் தொடங்கும்.

தகவல் அனுப்புவதிலும் மாற்றம் வேண்டும். பள்ளிக்கு மேலிருந்து வரும் அறிவிப்புகள் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கின்றன. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த தந்தைக்கும், எதுவுமே வாசிக்கத் தெரியாத தாய்க்கும் அவை வெறும் படம்தான். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் பகிர்வதோடு, ஒரு நிமிடத்துக்குள் தமிழில் பேசிய குரல் பதிவையும் இட்டால் எல்லா வீட்டிலும் கேட்பார்கள். தனிப் பிள்ளையின் மதிப்பெண்ணையோ குறையையோ குழுவில் இடுவது அறவே கூடாது.

ஆறு வாரத்துக்கு ஒரு வேலை

ஒரு தாளில் நான்கு வரி எழுதினால் போதும்: பள்ளியில் ஆசிரியர் செய்வது, வீட்டில் செய்வது, பிள்ளை தானே செய்வது, மறுபடி சந்திக்கும் நாள். மூவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளலாம். ஒற்று எழுத்தில் தடுக்கும் சிறுமிக்கு, பள்ளியில் நாளும் முதல் பாடவேளைக்கு முன் பத்து நிமிடம் ஒற்றுச் சொற்களைக் கொண்ட தனிப் பயிற்சி. வீட்டில் நாளும் பத்து நிமிடம் வாய்விட்டு வாசிப்பதைக் கேட்பது. சிறுமி தனக்குப் பிடித்த கதை ஒன்றை வாரம் ஒருமுறை வகுப்பில் வாசிப்பது. இதற்கு மேல் எதையும் சேர்க்கக்கூடாது. ஐந்து வேலை கொடுத்தால் ஒன்றும் நடக்காது.

வாசிக்கத் தெரியாத பெற்றோரால் என்ன செய்ய முடியும் என்று ஐயம் எழும். நிறையச் செய்ய முடியும். பிள்ளை வாசிக்கும்போது தாய் அருகில் அமர்ந்து, நீண்ட நேரம் தயங்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அதற்கு எழுத்தறிவு தேவையில்லை, காது போதும். மறுநாள் அந்தப் புள்ளிகளைப் பார்க்கும் ஆசிரியருக்கு எந்தச் சொற்களை எடுத்துப் பயிற்சி கொடுப்பது என்பது தெரிந்துவிடும். வாசித்து முடித்ததும் "இதுல என்ன சாமி நடந்துச்சு, எனக்குச் சொல்லு" என்று கேட்டால் பிள்ளை பொருளைத் தன் சொற்களில் சொல்லிப் பழகும். கணக்குக்குப் பால் அளக்கும் கணக்கு, சந்தைச் செலவின் மீதிச் சில்லறை, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றைப் பிள்ளையையே போடச் செய்யலாம்.

டியூஷனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பல வீடுகளில் பள்ளிக்கும் குடும்பத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார்: பட்டம் முடித்த பக்கத்து வீட்டு அக்கா. அவர் வீட்டுப்பாடத்தை எழுதி முடிக்க உதவுகிறார்; அதனால் நோட்டு நிறைந்திருக்கிறது, பிள்ளைக்கு வாசிப்பு வராமலே இருக்கிறது. அந்த அக்காவைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, ஒரு நாள் அவரையும் அழைத்து அந்த ஒரு பக்கத் தாளைக் காட்டுங்கள். பிள்ளைக்குத் தடுக்கும் இடம் தெரிந்துவிட்டால் அவரைவிடச் சிறந்த துணை வேறு கிடைக்காது.

ஆறாவது வாரத்தில் தொடக்கத்தில் வாசிக்கச் செய்த அதே தாளை மறுபடி வாசிக்கச் செய்து, முன்பிருந்த குறிப்போடு ஒப்பிட வேண்டும். முன்னேற்றம் தெரிந்தால் அடுத்த படிக்கான தாள் எழுதலாம். தெரியவில்லையென்றால், வேலை உண்மையில் நாள்தோறும் நடந்ததா என்பதை இரு தரப்பும் ஒளிவுமறைவின்றி முதலில் பேசிக்கொள்ள வேண்டும். வருகைப் பதிவேட்டையும் அப்போது சேர்த்துப் பாருங்கள். மொத்த நாள்களைவிட எந்தெந்தக் கிழமைகளில் பிள்ளை வரவில்லை என்பது அதிகம் சொல்லும்: திங்கட்கிழமை தோறும் வராத பிள்ளை ஞாயிறன்று எல்லை தாண்டிச் சொந்த ஊர் சென்று திரும்பாமல் இருக்கலாம், அல்லது தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருக்கலாம்.

வீட்டில் குடியும் சண்டையும் இருப்பதால் தூங்காமல் வரும் பிள்ளைக்கு எந்த வாசிப்புத் தாளும் உதவாது. அந்த நிலையில் ஆசிரியர் குடும்பத்தை விசாரணை செய்யாமல், பள்ளிக்கு உரிய ஆலோசகரின் துணையை நாட வேண்டும்; பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைக்கத் தயங்கக்கூடாது.

மேல் உதவி கேட்பது

இப்படி இரண்டு ஆறு வாரச் சுற்று முடிந்தும் தமிழ் வாசிப்பில் மாற்றமே இல்லையென்றால், வட்டார வள மையத்தில் இருக்கும், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியரை அழைக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, வகைப்படுத்தும் 21 குறைபாடுகளில் குறிப்பான கற்றல் குறைபாடும் ஒன்று. ஒன்றிய அரசு 2018இல் வெளியிட்ட நெறிமுறை, மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ, எது முன்னதோ அப்போது, பள்ளி ஆசிரியரே முதல்நிலைச் சோதனை செய்ய வேண்டும் என்றது. அதற்கு முன்பே சான்றிதழ் கேட்டு அலைவதில் பயனில்லை. பயிற்சியை மட்டும் நிறுத்தாமல் தொடர வேண்டும்.

மருத்துவமனைக்குச் செல்லும்போது பெற்றோர் மறக்கக்கூடாதது ஒன்று உண்டு. பிள்ளை தமிழ்வழியில் படிக்கிறது என்பதைச் சொல்லி, வாசிப்புச் சோதனையைத் தமிழிலும் செய்யக் கேட்க வேண்டும். தமிழ் நோட்டுகளையும் ஆசிரியரின் குறிப்புகளையும் கையோடு கொண்டு செல்ல வேண்டும். மலையாளத்தில் மட்டும் செய்த சோதனை, மொழி தெரியாததைக் குறைபாடாகக் காட்டிவிடக்கூடும். சான்றிதழ் கிடைத்தால் எழுதித்தர ஆள், கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைத் தேர்வில் கேட்கலாம். பத்தாம் வகுப்புத் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும். மார்ச் நெருங்கும்போது ஓடுவது வீண் அலைச்சல்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். தமிழ் தெரிந்த சிறப்பாசிரியர் வேண்டும், அறிவிப்புகள் தமிழிலும் வேண்டும் என்ற கோரிக்கைகளை அங்கே தீர்மானமாக்கி அனுப்பலாம். தொடக்கக் கல்வியில் மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு 1956 முதல் சொல்லிவருவதைத் தீர்மானத்தில் குறிப்பிடுவது நல்லது.

கேரளத்தில் 2024-25 முதல் எட்டாம் வகுப்பில் எழுத்துத் தேர்வில் பாடந்தோறும் குறைந்தது 30 விழுக்காடு எடுக்க வேண்டும் என்ற முறை வந்திருக்கிறது. அதை எட்டாதவர்களுக்குக் கூடுதல் வகுப்பும் மறுதேர்வும் உண்டு. அந்த வகுப்புகள் கோடை விடுமுறையில் நடந்தால், அந்தச் சமயத்தில்தான் ஊர் நோம்பியும் (திருவிழாவும்) உறவினர் வீட்டுப் பயணமும் வரும். ஆகவே இந்தச் செய்தி கிறிஸ்துமஸ் தேர்வு எனும் இரண்டாம் பருவத் தேர்வுக்குப் பிறகே, யாருக்குத் தேவைப்படலாமோ அந்த வீட்டுக்குத் தமிழில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

வழி மாற்றும் முன்

பிள்ளை பின்தங்கியதும் பல பெற்றோர் எடுக்கும் முதல் முடிவு, தமிழ்வழியிலிருந்து ஆங்கில வழிக்கோ மலையாள வழிக்கோ மாற்றுவது. வேலை வாய்ப்பை எண்ணி அவர்கள் கவலைப்படுவது நியாயமானதே. ஆனால் தமிழில் ஒரு பத்தியை வாசிக்க முடியாத பிள்ளை, வீட்டில் யாரும் பேசாத மொழியில் அறிவியலை வாசிக்கும் என்று எதிர்பார்ப்பது அதன் சுமையை இரட்டிப்பாக்கும். முதலில் தமிழ் வாசிப்பை நிலைநிறுத்துங்கள். பிறகு மாற்றுவதானால் கல்வியாண்டின் தொடக்கத்தில், புதிய மொழியைச் சில மாதங்கள் முன்பே பழக்கி மாற்றுங்கள். ஆண்டின் நடுவில் மாற்றவே மாற்றாதீர்கள். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இருக்கிறது என்பதையும் தமிழில் படித்தால் மேலே வழியில்லை என்று அஞ்சும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிக்குக் குடிபெயரும் குடும்பமானால், பாடநூல் வேறாக இருக்கும். மாற்றுச் சான்றிதழோடு பிள்ளையின் வாசிப்பு நிலையை எழுதிய தாளையும் ஆசிரியர் கொடுத்தனுப்ப வேண்டும்.

உள்ளூரிலேயே வகுப்பு மாறும் பிள்ளைக்கும் அதே ஏற்பாடு தேவை. மார்ச் மாதக் கடைசியில் இதுவரை எழுதிய ஒரு பக்கத் தாள்களை ஒரு கோப்பில் சேர்த்து, எந்தப் பயிற்சி பலித்தது, எது பலிக்கவில்லை என்று இரண்டு வரி எழுதி, அடுத்த வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் பழைய ஆசிரியர், புதிய ஆசிரியர், தாய் அல்லது தந்தை மூவரும் கால் மணி நேரம் சேர்ந்து அமர்ந்தால், புதிய ஆசிரியர் ஓணத் தேர்வுக்காகக் காத்திருக்காமல் அந்த வாரமே வேலையைத் தொடங்கிவிடலாம்.